உருளும் ஊர் – 17: கடைசி இரண்டு கிலோமீட்டர்

மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் பூலாம்பட்டிப் பக்கத்து டிராக்டர்கள் கால் மாற்றிக்கொள்ளும். பின்னால் இரும்புக் கேஜ் வீல் ஏறிவிடும். முழங்கால் சேற்றில் அதை மிஞ்ச எந்த ரப்பராலும் முடியாது. ஆனால் அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் நூறு அடி உருண்டால், ஒப்பந்தக்காரர் போட்ட ரோட்டைக் கோழி கிளறியதுபோல் ஆக்கிவிடும். தார்ச்சாலையில் கேஜ் வீல் ஓட்டக் கூடாது என்று உழவுக் காலம்தோறும் எச்சரிக்கை வருவது இதனால்தான். விவரமானவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றிப்போய் வரப்போரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிராக்டர்காரருக்கு இப்படி இரண்டு ஜோடிக் கால் உண்டு. ஜீப் வைத்திருப்பவருக்கும் பைக் வைத்திருப்பவருக்கும் ஒரு ஜோடிதான். வீட்டுக்கும் காட்டுக்கும் ஒரே செருப்பு. இந்த வாரம் அந்தச் செருப்பைப் பற்றி.

காடு என்றால் புலி, யானை என்று வெளியூர் வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். எடப்பாடியில் காடு என்றால் மானாவாரி நிலம். சோளக்காடு, பருத்திக்காடு, கடலைக்காடு. தார் ரோட்டை விட்டு இறங்கி, கள்ளிவேலிக்கு நடுவில் போகும் இட்டேரியில் இரண்டு கிலோமீட்டர் போனால் காட்டுச்சாளை, அதாவது காட்டுக்குள் கட்டிய குடிசை, வரும்; அங்கே ஒரு கட்டில், ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு நாய். அந்த இரண்டு கிலோமீட்டரில் செம்மண் உண்டு, சரளை உண்டு, கத்திபோல் நிற்கும் வெங்கச்சாங்கல் உண்டு. மழை பெய்தால் சில இடங்களில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் களியும் உண்டு.

சங்ககிரி ரோட்டில் எனக்குப் பழக்கமான டயர் கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது புது ‘தார்’ ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மட் டயர் வேண்டும், அதுவும் 33 அங்குலம் வேண்டும் என்றான். செல்போனில் படம் காட்டினான். படத்தில் இருந்த வண்டி பாறை மேல் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. “தினம் எங்கீங் தம்பி போறீங்க?”

“சேலத்துக்குங்ணா. கொங்கணாபுரம், மகுடஞ்சாவடி வழியா. போக வர எம்பது கிலோமீட்டர் ஆகுமுங்.”

“காட்டுக்கு?”

“ஞாயித்துக்கிழமை போவேனுங். ரெண்டு கிலோமீட்டர் மண்ணு.”

கடைக்காரர் வாயைத் திறக்காமல் கால்குலேட்டரை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். வாரத்தில் ஆறு நாள் எண்பது. ஏழாம் நாள் போக நான்கு, வர நான்கு என்று தாராளமாகவே வைத்தாலும் எட்டு. தாரில் 480, மண்ணில் 8. டயர் வாங்குகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். பெரும்பாலானவர்கள் இதைப் போடுவதில்லை. படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

கடையில் மூன்று ஜாதி டயர் உண்டு. ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கானது, கட்டைகள் நெருக்கம், பள்ளங்கள் ஒடுக்கம். எம்.டி. சேற்றுக்கானது, கட்டைகள் முரட்டுத்தனமாகப் பெரிதாக இருக்கும், ஏறக்குறைய பாதிக்குப் பாதி பள்ளம். அந்தப் பள்ளம்தான் சேற்றைக் கவ்விப் பிடித்து, சுழலும்போது வெளியே வீசி, அடுத்த சுற்றுக்குத் தன்னைச் சுத்தமாக்கிக்கொள்கிறது. நடுவில் நிற்பது ஏ.டி. எங்கும் போகலாம் என்று பெயர்; இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் செய்த சமரசம் அது.

மட் டயரில் அத்தனை பள்ளம் இருக்கிறதே, மழைத்தண்ணீரை வழித்து விடாதா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. தேங்கிய தண்ணீரை வழிக்கத்தான் செய்யும். ஆனால் பிரேக் போடும்போது வண்டியை நிறுத்துவது பள்ளம் அல்ல, தாரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர். ஒரு டயர் ஒரு நேரத்தில் ரோட்டைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அதில் பாதியைப் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டால் மீதி எவ்வளவு? போதாததற்கு, கல்லில் கிழியாமல் இருக்கப் பல மட் டயர்களின் ரப்பர் இறுக்கமாக இருக்கும். நனைந்த ரோட்டைப் பிடிக்கும் சின்னச்சின்ன வெட்டுக்கோடுகளும் கட்டைகளில் குறைவு. பிறகு சத்தம். கட்டைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி வெளியேறும். எண்பதில் போனால் வண்டிக்குள் கருவண்டு புகுந்ததுபோல் இருக்கும். முதல் வாரம் அதில் ஒரு கெத்து; மூன்றாம் மாதம் தலைவலி.

என் கட்சி இது. சேற்றில் சிக்கினால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வரும். நனைந்த நான்குவழிச்சாலையில் நிற்காமல் போனால் ஆம்புலன்ஸ்தான் வரும். ஆகவே டயரை முதலில் ஈரத்தாரில் நிறுத்திப் பார்க்க வேண்டும், பிறகுதான் மண்ணில்.

இதில் நமக்கு வாத்தியார்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் அந்த ஊரிலிருந்து புறப்படுகின்றன. ரிக் பூட்டிய லாரி ஒன்று, ராடும் டீசலும் சுமந்து பின்னால் வரும் லாரி ஒன்று. ராஜஸ்தானோ சத்தீஸ்கரோ, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, கடைசியில் ஒரு விவசாயியின் உழுத நிலத்துக்குள் டன் கணக்கான எடையோடு இறங்க வேண்டும். வீட்டுக்கும் காட்டுக்கும் ஒரே செருப்பு என்ற சிக்கலை இவர்களைவிடப் பெரிதாகச் சந்திப்பவர்கள் யார்?

லாரி உலகம் கண்ட வழி எளிமையானது. முன் சக்கரத்துக்கு ரிப் டயர், அதாவது நீளவாக்கில் கோடு போட்டது. திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கும். தள்ளுகிற பின் சக்கரத்துக்கு லக் டயர், குறுக்கே கட்டைகள் வைத்தது. புது டயர் முன்னால் போகும். தேய்ந்ததை ரீபட்டன் போட்டு, அதாவது மேலே புது ரப்பர் ஒட்டி, பின்னால் மாட்டுவார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது என்பதால் இந்த வரிசை. ரீபட்டன் நம் பக்கத்தில் சாதாரணத் தொழில் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1961-ல் முதல் டயரைச் செய்வதற்கு முன்பே, 1952-ல் இறங்கியது ரீபட்டனுக்கான ரப்பரில்தான்.

அந்த முன்-பின் வித்தையை நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புக்குக் கொண்டுவரக் கூடாது. அதற்கு நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், நான்கு சக்கர ஓட்டத்தைப் போடும்போது உள்ளே இருக்கும் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அந்தச் செலவு டயர் விலையைத் தாண்டிவிடும்.

பையனின் 33 அங்குல ஆசைக்கு வருவோம். அவன் வண்டியில் இருந்தது 255/65 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 18 அங்குல ரிம். கூட்டிப் பார்த்தால் மொத்த உயரம் 31 அங்குலம். அதை 33 ஆக்கினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும்: முள் 100 காட்டும்போது வண்டி 106-ல் போகும். இழுவை குறையும், டீசல் கூடும், முழுக்க ஒடித்துத் திருப்பினால் சக்கரம் மட்கார்டில் உரசும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் பிரிவு. கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல ஏ.டி. டயர் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

பக்கச்சுவரில் இன்னும் இரண்டு செய்தி உண்டு. கடைசியில் ஓர் எழுத்து, வேகத்துக்கானது. கியூ என்றால் 160 வரை தாங்கும், எஸ் என்றால் 180. டிராக்டர் டயரில் ஏ8 என்று இருந்தால் 40-தான். கரும்பு டிரெய்லரை இழுத்துக்கொண்டு அறுபதில் பறக்கும் தம்பிகள் ஒரு முறை குனிந்து படிக்கலாம். இன்னொன்று நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் பிறந்த டயர். கடை ரேக்கில் மூன்று ஆண்டு தூங்கியதைப் புதுசு என்று கொடுத்தால், வேறு எடுத்து வரச் சொல்லுங்கள்.

நம் ஊர் மண்ணுக்கு நான் முதலில் பார்ப்பது பட்டன் அல்ல, பக்கச்சுவர். வெங்கச்சாங்கல் கட்டையை ஒன்றும் செய்யாது, ஓரத்தில்தான் கிழிக்கும். வேலாமுள் குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரை ஊஞ்சலாக மரத்தில் கட்ட வேண்டியதுதான்.

அடுத்து காற்று. மண்ணில் பாதி வித்தை இதில் இருக்கிறது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் தரையில் படுத்து, தடம் நீளும், புதையாது. சாதாரண ஏ.டி. டயரே மட் டயர்போல் நடந்துகொள்ளும். தாருக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கும்வரை அறிகுறி தெரியாமலே போகலாம். பாட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு ஒன்று டிக்கியில் இருந்தால் போதும்.

பைக்குக்குப் பட்டன் டயர் மாட்டும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அந்த உயரப் பட்டன்கள் ரப்பர் விரல்போல் மடங்கும். இதற்கிடையில் நம் பால்காரர்கள் இருபுறமும் கேன் தொங்க, சாதாரண டயர் போட்ட எக்ஸ்.எல். மொபெட்டில் எல்லா இட்டேரியையும் தினம் இரண்டு வேளை அளக்கிறார்கள். அவசரப்படாத வண்டிக்கு எந்த டயரும் போதும்போல.

பையன் கடைசியில் அதே அளவில் ஏ.டி. டயர் நான்கு எடுத்தான். முகத்தில் அரை மனசுதான். பில் போட்டு முடித்த கடைக்காரர் உள்ளே போய், தூசி படிந்த நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்து வந்து சீட்டில் வைத்தார்.

“இது எதுக்குங்ணா?”

“டிராக்டர்காரரு வந்ததும் மொதல்ல கயித்தைத்தான் தம்பி கேப்பாரு.”

(உருளும்)