அந்தப் பந்து எனக்கு இன்னும் வரவில்லை

வேடிக்கை பார்ப்போர் – 14

இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வாயாடியாக அமைவது அதிர்ஷ்டம். 1990-இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். ஒரு வளைவில் நிற்பவருக்கு மறுகோடியில் யார் யாரை முந்தினார் என்று தெரியாது. ஒலிபெருக்கி சொல்வதில் பாதியை என்ஜின் சத்தம் தின்றுவிடும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும் இதே கதைதான். இருங்காட்டுக்கோட்டையில் ஒருவர், ‘சிவப்பு வண்டி பின்னாடி போயிடுச்சு, நீலந்தான் முன்னாடி வருது’ என்று கத்திச் சொன்னால் அது உபகாரம். அதே ஆள் அன்றிரவு ஒரகடத்தில் நாலு பேர் தங்கியிருக்கும் அறையில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்து, பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே ‘அவுட்டு’ என்று சொன்னால் தலையணை பறந்து வரும். வாய் ஒன்று, பழக்கமும் ஒன்று. பந்தயத் தடத்தில் அது பார்க்க முடியாததைச் சொல்கிறது. அறையில், இன்னும் ஒரு நொடியில் தானே பார்க்கப் போகிறவனிடமிருந்து அதைப் பறிக்கிறது.

ஆட்டம் பார்க்கும்போது பேசுகிறவர்களைப் பற்றிய புகார்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியவை. கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், நடுவரின் குடும்பத்தையே இழுக்கிறார்கள். இவற்றில் திட்டு மட்டும் உண்மையிலேயே கொடியது. 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்ற இரவில் முகமது ஷமி மீது கொட்டப்பட்ட வசவை எந்த ரசிக மனமும் நியாயப்படுத்த முடியாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மற்றபடி சத்தம் எனக்குக் குற்றமாகப் படவில்லை. சத்தம் வேண்டாம் என்றால் தனியாகப் பார்க்கலாமே, நாலு பேரோடு எதற்கு? இன்றைக்குச் சேர்ந்து பார்ப்பதில் மிஞ்சியிருக்கும் உண்மையான ஒழுங்கு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இன்னொருவருக்கு இன்னும் வந்து சேராததை முந்திக்கொண்டு சொல்லாதிருப்பது. நம் ஊரில் இந்தக் குற்றத்துக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள், முந்திரிக்கொட்டைத்தனம் என்று. அந்தக் கொட்டை அப்போது பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இப்போது காலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது.

வானொலிக் காலத்தில் இதற்கு வாய்ப்பே குறைவு. அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொன்னபோது, டீக்கடை டிரான்சிஸ்டரிலும் முடிதிருத்தும் கடை டிரான்சிஸ்டரிலும் பந்து ஒரே கணத்தில் விழுந்தது. தூர்தர்ஷனை ஆண்டெனாவில் பிடித்துப் பார்த்த தெருக்களிலும் அப்படியே. சிக்ஸ் என்றால் தெருவே ஒரே நேரத்தில் கத்தும். அந்த ஒருமையை உடைத்தது டிஜிட்டல். பலரும் செயற்கைக்கோள் மீது பழி போடுகிறார்கள். அது பாவம். சுமார் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க அலைக்குக் கால் நொடிதான் ஆகிறது. தாமதம் பெரிதும் படத்தைச் சுருக்குவதிலும் விரிப்பதிலும் நேர்கிறது. போனில் பார்ப்பதில் அது இன்னும் கூடும். நேரலைப் படம் சில நொடித் துண்டுகளாக, பெரும்பாலும் ஆறாறு நொடியாக, வெட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. படம் நடுவில் நின்றுவிடாமல் இருக்க, வழக்கமாகப் போன் மூன்று துண்டாவது பின்தங்கியே ஓட்டத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போயிற்று. அதன் மேல் சிக்னலைப் பொறுத்து இன்னும் சில நொடிகள். ஐ.பி.எல். ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு 90 நிமிடம், 120 பந்து. சராசரியாக 45 நொடிக்கு ஒரு பந்து. அரை நிமிடம் பின்தங்கிய போன் என்றால் ஏறக்குறைய ஒரு பந்து பின்னால் இருக்கிறது என்று பொருள். ஒரே அறையில் ஒருவர் டிவியும் இன்னொருவர் போனும் பார்த்தால் அவர்கள் பார்ப்பது ஒரே ஆட்டம், ஆனால் வேறு வேறு பந்து. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஒரு நல்ல ஆட்ட நாளில் அத்தகைய கட்டடத்தில் எத்தனை ‘இப்போது’கள் ஓடும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

முந்தியிருப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவர் முடிவைச் சொல்லமாட்டார், ஆரூடம் சொல்வார். ‘இப்ப பாரு, இந்தப் பந்துல ஒண்ணு நடக்கும்’ என்பார். நடக்கும். அறையே வியக்கும். அவர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனை யாராவது கவனிக்கிறவரை அவர்தான் ஞானி. விளையாட்டாகச் செய்வதுதானே என்று விடலாம். ஆனால் அந்தச் சில நொடிக்கு ரொக்க மதிப்பு உண்டு என்பதைச் சூதாட்டக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 2021 ஐ.பி.எல். போட்டியின்போது டெல்லி மைதானத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவரை உள்ளே வைத்து, பந்துக்குப் பந்து தகவல் வெளியே போனதாக இந்திய கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவரே சொன்னார். டிவியில் வருவதற்குள் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பந்தயம் கட்டுவதுதான் நோக்கம். 2022-இல் அமெரிக்காவில் நடந்த சிங்க்ஃபீல்ட் கோப்பைச் சதுரங்கத்தில் இதற்கு நேர்மாறு. ஏமாற்று நடக்கிறதோ என்ற சந்தேகம் கிளம்பியதும், ஒளிபரப்பையே 15 நிமிடம் தாமதப்படுத்தினார்கள். சிலரைவிடச் சிலர் முன்னால் இருப்பது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று பணம் புழங்கும் இடமும் மூளை புழங்கும் இடமும் ஒப்புக்கொண்டாயிற்று. விடுதி அறை மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்தச் சிக்கல் நொடிகளோடு நிற்பதில்லை, மணிக்கணக்கில் விரிகிறது. காலை 6, மதியம் 2, இரவு 10 அல்லது அதையொட்டி ஷிப்ட் மாறும் ஆலைகள் இங்கே நிறைய. 2020 முதல் ஐ.பி.எல். மாலை ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது. செகண்ட் ஷிப்ட்காரர் வெளியே வரும்போது இரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட்காரர் முதல் இன்னிங்ஸின் பாதியில் கம்பெனி பஸ் ஏறவேண்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர் முழுதும் பார்க்கலாம், ஆனால் நாலு மணிக்கு எழ வேண்டும். பல மின்னணு ஆலைகளில் போன் லாக்கரோடு சரி, லைனுக்குப் போகாது. 2023 மே 28 ஞாயிறு அகமதாபாத்தில் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். திங்கள் இரவு சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார், அதுவும் சென்னைக்கு எதிராக. சென்னை இறங்கி மூன்றே பந்தில் மழை. நள்ளிரவுக்குப் பிறகு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. கடைசி ஓவரில் 13 வேண்டும். மோகித் சர்மா முதல் நாலு பந்தில் 3 ரன்தான் கொடுத்தார். இரண்டு பந்தில் 10. ஜடேஜா நேராகத் தூக்கியது சிக்ஸ், கால் பக்கம் தட்டிவிட்டது பவுண்டரி. மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. அந்நேரம் லைனில் நின்றிருந்தவருக்கு அந்த இரண்டு பந்தும் நாலரை மணி நேரம் கழித்து, லாக்கரைத் திறந்த பிறகுதான் வர முடியும். அவரைப் பொறுத்தவரை காலை 6 மணிக்கு ஆட்டம் இன்னும் முடியவில்லை. கேட்டுக்கு வெளியே உலகம் முழுக்க முடிந்துவிட்டது.

நேரலை என்றால் நேரலைதான், தெரிய வேண்டாம் என்கிறவன் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்று ஒரு வாதம் உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. பக்கத்து அறையில் வெடிக்கும் கூச்சலுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கூச்சல் தானாக வருவது, தும்மல் மாதிரி. நள்ளிரவில் பட்டாசு வெடித்தவனையும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மஞ்சள் சட்டை போட்டவனையும்கூட நான் விட்டுவிடுவேன். ஸ்டேட்டஸைத் திறப்பது பார்ப்பவர் கை. ஆனால் நைட் ஷிப்டில் இருக்கிறான் என்று தெரிந்தே நண்பனுக்குத் தனியாக ‘ஜெயிச்சிட்டோம் மச்சி’ என்று அனுப்புவது அப்படியல்ல. அது தும்மல் இல்லை, முகத்துக்கு நேராக ஊதுவது. இதைவிட மோசம் ஸ்கோர் செயலிகள். திறக்காத போனின் முகப்பிலேயே முடிவை எழுதிவைக்கும் அவற்றுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

அந்த நேரலை வாதத்தைவிடக் கனமான ஆட்சேபம் இந்த மண்ணிலிருந்தே எழுகிறது. காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். அவன் விழுவான் என்பது ஊரில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பது நேற்று வந்த நகரத்துப் பழக்கம் என்று ஒருவர் சொன்னால் சட்டென்று மறுக்க முடியாது. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர் செய்த ஆய்வும் அவர் பக்கம்தான். முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த சிறுகதைகளையே வாசகர்கள் கூடுதலாக ரசித்தார்கள்.

ஆனால் கூத்துக்கு ஒரு வாத்தியார் இருக்கிறார், சிறுகதைக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார். முடிவு தெரிந்த பிறகும் அவர்களின் கை வேலை மிச்சம் இருக்கிறது. கட்டியங்காரன் இன்று என்ன நக்கல் அடிப்பான், துகிலுரிதலில் துச்சாதனன் வேடக்காரர் எப்படி நடுங்குவார் என்பதற்காகவே உட்காரலாம். கிரிக்கெட்டை யாரும் எழுதவில்லை. ஆடுகிறவருக்கும் முடிவு தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நிற்பதுதான் அதன் கட்டுமானம். ஜடேஜாவின் அந்த பவுண்டரியை ஹைலைட்ஸில் நூறு முறை பார்க்கலாம், நானும் ஆட்சேபிக்கமாட்டேன். அப்போது அது கூத்து ஆகிவிடுகிறது, தெரிந்த கதையின் அழகு. முதல் முறை மட்டும் வேறு. அது ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், கடன் வாங்க முடியாது, ஓவர்டைம் செய்து ஈட்ட முடியாது. எட்டு மணி நேர ஷிப்ட், அதன் இரு பக்கமும் பஸ் பயணம், தூக்கம் போக ஒருவருக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று பார்த்தால், ‘வெறும் ஆட்டம்தானே’ என்ற சொல் எளிதில் வராது.

சொல்வதே உதவி என்பார்கள் சிலர். ஷிப்ட் முடிந்து வருகிறவர் முதலில் கேட்பதே ‘ஸ்கோர் என்ன அண்ணா?’ என்பதுதானே? கேட்டால் சொல்ல வேண்டும், அதில் என்ன தயக்கம். நான் எதிர்ப்பது கேட்காமல் சொல்வதை. பிரிட்டனில் ‘மேட்ச் ஆஃப் தி டே’ என்ற கால்பந்துத் தொகுப்பு 1964-இல் தொடங்கியது, சனிக்கிழமை இரவுகளில் ஓடுகிறது. அதற்கு முன்பு வரும் செய்தியில், முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று வாசிப்பவர் எச்சரிப்பது அங்கே ஒரு வழக்கம். சில நேரம் முடிவுகளை வாயால் சொல்லாமல் திரையில் மட்டும் காட்டுவார்கள். செய்தி சொல்வது தொழிலாக இருப்பவரே அனுமதி கேட்கிறார். இங்கே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சிவப்பு வண்டி எங்கே என்று கத்தியவரும் ஒரு வகையில் கேட்கப்பட்டுத்தான் சொன்னார். எட்டிப் பார்த்த கழுத்துகள் எல்லாம் கேள்விகள்தாம். ‘தெரியுமா, சொல்லட்டுமா?’ என்ற இரண்டு சொல்லைத் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் சொல்லலாம். ஒரு சுங்குவார்சத்திரத்து அறைக்கு அது போதும்.

நொடிக்கணக்கு இடைவெளிக்குக் கேள்விகூட வேண்டியதில்லை. இரண்டு போன்களில் எது முன்னால் ஓடுகிறதோ அதை நிறுத்த ஒரு விரல் போதும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் கணத்தில் முன்னால் இருப்பவர் திரையைத் தொட்டு நிறுத்துகிறார். பின்னால் இருப்பவரின் திரையிலும் அதே ஓட்டம் தொடங்கும்வரை பொறுக்கிறார், பத்தோ பதினைந்தோ நொடி. பிறகு மறுபடி தொடுகிறார். இரண்டு போனிலும் கை சுழல்கிறது, பந்து வெளியே வருகிறது, அறையில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மேல் தளத்திலிருந்து யாரோ சுவரைத் தட்டுகிறார்.