மதிப்பகமும் வீச்சகமும்

ஓர் எண்ணை இட்டால், விதிப்படி ஒரே ஒரு விடையைத் தருவது சார்பு. அதில் இடத் தகுந்த எண்களின் தொகுப்பு மதிப்பகம். அவற்றுக்கு விடையாக வரும் எண்களின் தொகுப்பு வீச்சகம். மதிப்பகம் தனியே குறிப்பிடப்படாவிட்டால், விதி பொருள்படும் மெய்யெண்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்வது பள்ளிக் கணித வழக்கம்.

ஆகவே மதிப்பகம் காண்பது, ஆகாத எண்களை விலக்கும் வேலைதான். பின்னத்தின் பகுதி பூச்சியமாகக் கூடாது. வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக் கூடாது. இடும் எண்ணை அ எனக் கொள்வோம். 1/(அ − 3) என்ற சார்பில் 3-ஐ மட்டும் விலக்கினால் போதும். √(அ − 2) என்பதில் அ-வின் மதிப்பு 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மடக்கை வந்தால் அதற்குள் இருப்பது மிகை எண்ணாகவே இருக்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் மட்டுமே கொண்ட பல்லுறுப்புக் கோவைகளுக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை.

விதியைச் சுருக்கும் முன்பே மதிப்பகத்தைப் பார்த்துவிட வேண்டும். (அ² − 9)/(அ − 3) என்பதைச் சுருக்கினால் அ + 3 கிடைக்கும். அதைப் பார்த்து எல்லா எண்களும் பொருந்தும் என்று எழுதினால் தவறு. மூல வடிவத்தில் 3-ஐ இட்டால் பகுதி பூச்சியமாகிவிடும். எனவே மதிப்பகத்தில் 3 இல்லை. 3-க்குக் கிடைத்திருக்க வேண்டிய 6 வீச்சகத்தில் இல்லை. வரைபடம் ஒரே ஒரு புள்ளி விடுபட்ட நேர்கோடு.

வீச்சகம் காணச் சார்பின் வகைக்கேற்ப வழி மாறும். இருபடிச் சார்பு என்றால் வர்க்கப் பூர்த்தி கைகொடுக்கும். அ² − 4அ + 7 என்பதை (அ − 2)² + 3 என எழுதலாம். வர்க்கம் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது; ஆகவே விடை 3-க்குக் குறையாது. பின்னச் சார்புக்கு விடையிலிருந்து பின்னோக்கிப் போகலாம். வ = (2அ + 1)/(அ − 3) என்பதை அ-வுக்காகத் தீர்த்தால் அ = (3வ + 1)/(வ − 2) என வரும். வ-வின் மதிப்பு 2 ஆனால் பகுதி பூச்சியம். எனவே வீச்சகத்தில் 2 தவிர எல்லா மெய்யெண்களும் உண்டு. வரைபடம் கையில் இருந்தால், அது கிடைமட்டமாகப் பரவியிருக்கும் எல்லை மதிப்பகம். செங்குத்தாகப் பரவியிருக்கும் எல்லை வீச்சகம்.

நடைமுறைக் கணக்கில் சூழலும் எல்லை வகுக்கும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தரையிலிருந்து நேர்மேலே எறிந்த பந்து, காற்றின் தடையைக் கருதாவிட்டால், அ விநாடிகளில் ஏறக்குறைய 20அ − 5அ² மீட்டர் உயரத்தில் இருக்கும். வெறும் விதியாகப் பார்த்தால் எந்த எண்ணையும் இடலாம். விடை 20 வரையுள்ள எந்த எண்ணாகவும் வரலாம், குறை எண்களும் உண்டு. ஆனால் பந்து பறப்பது 0 முதல் 4 விநாடி வரைதான். அதன் உயரமும் 0 முதல் 20 மீட்டருக்குள் அடங்கும். மதிப்பகம் சுருங்கியதும் வீச்சகமும் சுருங்கிவிட்டது. முதலில் மதிப்பகத்தை உறுதிசெய்துகொண்டு, பிறகு வீச்சகத்தைத் தேடுவதே முறை.