வெப்பத்தைத் தடுக்கும் பலகை தீயை வரவழைக்கலாகாது

கோடை உச்சமடையும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் மேற்றளங்களிலும் கொட்டாஞ்சேனையின் அஸ்பெஸ்டஸ் கூரை வீடுகளிலும் இரவிலும் வெக்கை தணிவதில்லை. குளிரூட்டியின் மின்கட்டணத்துக்கு அஞ்சுவோர் ரெஜிபோம் பலகைகளை நாடுவது இயல்பே.

அதில் நியாயமும் உண்டு. ரெஜிபோமின் பெரும்பகுதி நுண்ணிய குமிழ்களில் அடைபட்ட காற்றாகும். ஆதலால் 2 அங்குலப் பலகையொன்று, ஏறத்தாழ 2 மீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட்டுக்கு நிகராக வெப்பத்தைத் தடுக்கின்றது.

ஆயினும், அது எரியும் பொருள். தீப்பற்றினால் உருகிச் சொட்டுவதுடன் நச்சுப் புகையையும் கக்கும். லண்டன் கிரென்பெல் தொடர்மாடியில் 2017 ஜூன் 14ஆம் திகதி மூண்ட தீ 72 உயிர்களைக் காவுகொண்டது. வெளிச்சுவரின் பொலிஎதிலீன் தகடுகளே தீ பரவியமைக்குப் பிரதான காரணம் என்றும், வெப்பக்காப்பு நுரைப்பலகைகளும் அதற்குத் துணைபோயின என்றும் விசாரணையில் வெளிப்பட்டது.

எனவே, கொங்கிறீட் கூரையாயின் பலகையை அதன் மேற்புறத்தில் விரித்து, நீர்க்கசிவுத் தடுப்புச் செய்து, சீமெந்துச் சாந்தினால் மூடுவதே உத்தமம். வெப்பம் கொங்கிறீட்டை அடையுமுன்பே தடுக்கப்படும். கூரையின் கீழே பொருத்துவதாயின் தீயைத் தாமதிக்கும் வகையைத் தெரிந்து, ஜிப்சம் பலகையால் முற்றாக மறைத்தல் வேண்டும். மின்கம்பிகளைக் குழாயினுள் செலுத்துதல் வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் துளையிடலாகாது. அதன் நுண்ணிழைகள் புற்றுநோய்க்கு ஏதுவானவை.

ஒரே சுவர் இரு குடும்பங்களைப் பிரிக்கும் ஒழுங்கைகளில், மூடாமல் விடப்படும் பலகை அயலவருக்கும் ஆபத்தாகும் என்பதை வீட்டு உரிமையாளர்கள் மறந்துவிடலாகாது.