விண்கலங்களும் வங்கக் கடல் தீவுகளும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டு ஒன்று கிளம்புவதைத் தொலைக்காட்சியில் காணும் நம்மவர் பலர், தீப்பிழம்பு மேகத்துள் மறைந்தவுடன் காட்சி முடிந்ததென்று எழுந்து விடுகின்றனர். உண்மையில் பயணத்தின் கடினமான பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. அப்பகுதியில் ஒரு பங்கு நம் தீவுகளை அடுத்த வானத்தில் நடைபெறுகிறது. அதனைக் கவனித்திருக்கும் நிலையங்களுள் ஒன்று, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நமது போர்ட் பிளேரிலேயே அமைந்துள்ளது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் நடத்திவரும் வலையமைப்பின் ஓர் அங்கம் அது.

இத்தீவில் ஏன் ஒரு நிலையம் வேண்டும்? சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கப்பல் நகர நகரக் கரை தாழ்கிறது. பிறகு உயர்ந்த கட்டடங்கள் தாழ்கின்றன. முடிவில் கலங்கரை விளக்கத்தின் உச்சியும் நீரில் இறங்கினாற்போல் மறைகிறது. கரை எங்கும் போய்விடவில்லை. பூமியின் வளைவு நடுவே வந்துவிட்டது. ராக்கெட்டின் நிலையும் இதுவே. 100 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பொருள் சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவு சென்றதும், 180 கிலோமீட்டர் உயரத்தில் செல்வது சுமார் 1,500 கிலோமீட்டர் சென்றதும், புறப்பட்ட இடத்தாரின் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அது அனுப்பும் ரேடியோ அலைகளோ நேர்கோட்டில் செல்வன. வளைவைச் சுற்றிவந்து சேரமாட்டா. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடைத்தூரம் 1,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆதலின் முதல் நிலையம் இழக்கப்போகும் குரலை, அது மங்குமுன்னரே நம் தீவு பற்றிக்கொள்ள முடிகிறது.

2023 ஜூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 புறப்பட்ட நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டிலிருந்த இரு பெரிய திட எரிபொருள் உறைகளும் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலானதும் கழன்றன. ஐந்து நிமிடமானபொழுது திரவ எரிபொருள் நிலையும் கழன்று வீழ்ந்தது. அதன்பின் திரவ ஹைட்ரஜனையும் திரவப் பிராணவாயுவையும் எரிக்கும் கடுங்குளிர் யந்திரம் பற்றிக்கொண்டு, பத்து நிமிடங்களுக்கும் மேலாக இடைவிடாது எரிந்தது. விண்கலம் விடுபட்டபொழுது புறப்பட்டுப் பதினாறு நிமிடங்கள் ஆகியிருந்தன. அதாவது, ராக்கெட்டின் வேகத்தில் பெரும்பங்கு கிட்டுவது வங்கக் கடலையும் அதற்கு அப்பாலுள்ள கடல்களையும் கடக்கும் நேரத்தில்தான்.

அந்நேரத்தில் ராக்கெட்டு என்ன சொல்கிறது? தொட்டியின் அழுத்தம், குழாயின் வெப்பம், வால்வு திறந்ததா இல்லையா, அதிர்வு எவ்வளவு என்பனவற்றை ஆயிரக்கணக்கான எண்களாக இடையறாது கூறிக்கொண்டே செல்கிறது. இதற்கு டெலிமெட்ரி என்று பெயர். தமிழில் தொலை அளவை என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் குறையொன்றும் தெரியவில்லை. எனினும் ‘தூது’ என்ற பழஞ்சொல் இதற்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும் என்றே தோன்றுகிறது. போனவன் திரும்ப மாட்டான். அவன் விடுத்த செய்தி மட்டுமே வந்து சேரும்.

அச்செய்தியின் மதிப்பு, காரியம் கெட்டுப்போகும் நாளிலேதான் தெரியும். 2021 ஆகஸ்ட் 12-ஆம் நாள் விடியற்காலையில் ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு ஒன்றில், கீழ்நிலைகள் இரண்டும் செவ்வனே வேலை செய்தபின் கடுங்குளிர் யந்திரம் பற்றிக்கொள்ளவில்லை. பூமியைக் கண்காணிக்க வேண்டிய செயற்கைக்கோள் கடலிற் போயிற்று. எரிந்தும் மூழ்கியும் போன ராக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்க இயலுமோ? வந்து சேர்ந்திருந்த எண்களே சாட்சி. அவற்றை ஆராய்ந்த குழுவினர், ஒரு வால்வின் கசிவினால் திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்துபோனதே காரணம் என்று கண்டனர். குறை நீக்கப்பட்டு, 2023 மே 29-ஆம் நாள் அவ்வகை ராக்கெட்டு மறுபடியும் வெற்றியுடன் பறந்தது. செய்தி கிட்டாது போயிருந்தால் வெறும் ஊகத்தைக் கொண்டு எதனைத் திருத்துவது?

கேட்பார் இல்லாத இடத்தில் ராக்கெட்டைப் பேசவிடுவதில்லை என்பதில் நம் விஞ்ஞானிகள் எத்துணைக் கண்டிப்புடையவர்கள் என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் செவ்வாய்ப் பயணம் சான்று. அதன் பாதையில் தென் பசிபிக் மாகடலின் மேல் நிலையம் எதுவும் இல்லாமையால், நாளந்தா, யமுனா என்ற இரு கப்பல்கள் கருவிகளுடன் அங்கு அனுப்பப்பட்டன. கடற்கொந்தளிப்பினால் ஒரு கப்பல் போய்ச்சேரத் தாமதமாயிற்று. அதற்காக, ஏவுதலையே அக்டோபர் 28-இலிருந்து நவம்பர் 5-ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தனர். காற்று மாறினால் கப்பல் நிறுத்தப்படுவதும், அதனால் கலியாணம் முதல் கருமாதி வரை தள்ளிப்போவதும் தீவுவாசிகளுக்குப் பழக்கமே. செவ்வாய்க் கிரகத்துக்கும் அந்த விதி உண்டு போலும்!

இனி, இத்தனை முயற்சியும் எதனைக் கண்டறிய என்ற கேள்விக்கு வருவோம். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் இக்காலத்தில் மலிந்துவிட்டது. கலம் புறப்படுமுன்னரே கண்டுபிடிப்புகளை எழுதிவிடுகின்றனர். நடந்ததை மட்டும் பார்த்தால், 2008 அக்டோபர் 22-இல் சென்ற சந்திரயான்-1-இல் இருந்த அமெரிக்கக் கருவி ஒன்று, சந்திரனின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் அடையாளத்தைக் காட்டியது. இது 2009-இல் வெளியிடப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23-இல் தென்துருவப் பகுதியை அடுத்து இறங்கிய சந்திரயான்-3, அந்த மண்ணில் கந்தகம் இருப்பதை நேரில் உறுதி செய்தது. அன்றியும், மேற்பரப்பில் 50 டிகிரி அளவுக்குச் சுடும் மண், எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரியில் இருப்பதை அளந்து கூறியது. நீர்ப்பனி அங்கே மண்ணுக்கடியில் நிலைத்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது வலிவு தருகிறது.

அடுத்த சந்திரயான்-4, அந்த மண்ணில் சுமார் மூன்று கிலோவை இங்கே கொண்டுவர வேண்டிய கலம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு அனுமதி தந்தது. செலவு 2,104 கோடி ரூபாய். இதன் உறுப்புகளை ஒரே ராக்கெட்டு சுமக்க இயலாது. ஆகவே இருமுறை ஏவி, விண்ணிலேயே பூட்ட வேண்டும். அவ்வாறு பூட்டும் வித்தையை, 2025 ஜனவரி 16-இல் இரு சிறு செயற்கைக்கோள்களை இணைத்து நம்மவர் செய்து காட்டிவிட்டனர். சந்திரயான்-5 ஜப்பானுடன் கூட்டாகச் செய்யப்படுவது. தென்துருவத்தை அடுத்து மண்ணைத் துளைத்து நீரைத் தேடும்.

மூன்று கிலோ மண்ணுக்கா இவ்வளவு பொருள் என்று கேட்போரை நான் குறை கூறமாட்டேன். நோயாளியைக் கப்பலேற்றி மறுகரைக்குக் கொண்டுசெல்லும் ஊரில் அக்கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் மண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1971, 1972-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கர் சந்திரனிலிருந்து கொணர்ந்த மணிபோன்ற எரிமலைக் கண்ணாடித் துகள்கள் ஒரு துளி ஈரமும் அற்றவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டன. 2008-இல் புதிய நுண்கருவிகளில் இட்டுப் பார்த்தபொழுது அவற்றுள் நீரின் சுவடு தென்பட்டது. கொண்டுவந்தவர்கள் காலத்தில் அக்கருவிகள் இல்லை. மண் கையில் இருந்தமையால் கேள்வியை மறுமுறை கேட்க முடிந்தது.

சூரியனைப் பற்றி ஒரு சொல். அதன் மேற்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி. அதற்கு வெளியே பரந்துள்ள ஒளிவட்டமோ பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு மிகுவதுபோன்ற இப்புதிரைத் துருவ, 2023 செப்டம்பர் 2-இல் ஆதித்யா-எல்1 சென்றது. மூன்று நாள் கழித்து அதன் பாதையை உயர்த்தியபொழுது கண்காணித்த நிலையங்கள் மொரீஷியஸ், பெங்களூர், போர்ட் பிளேர் ஆகியவை.

எனக்கு மிகுந்த ஆவலைத் தருவது சுக்கிரன். பூமியை ஒத்த பருமன். ஆனால் நிலத்தில் 460 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம், நம் காற்றைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தம், கந்தக அமில மேகம். ஒரே அளவில் பிறந்த இரு கோள்களுள் ஒன்று இப்படி ஆனதேன்? அங்கே எரிமலைகள் இன்றும் உயிருடன் உள்ளனவா? போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு, நூறாண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்து 1991-இல் விழித்துக்கொண்டதை இங்குள்ள முதியோர் அறிவர். விந்தை என்னவெனில், அதே 1991-இல் மெகல்லன் என்ற அமெரிக்கக் கலம் சுக்கிரனின் எரிமலை வாய் ஒன்றை எட்டுமாத இடைவெளியில் இருமுறை ரேடார் கொண்டு படம் எடுத்திருந்தது. அப்படங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், அவ்வாய் இடையில் விரிந்து உருமாறியிருப்பதை 2023-இல் வெளியிட்டனர். முப்பதாண்டு பெட்டியில் கிடந்த சான்று!

1,236 கோடி ரூபாய்ச் செலவில் இந்தியா அனுப்பவுள்ள சுக்கிரக் கலம், மேகத்தை ஊடுருவும் ரேடாரைத் தாங்கிச் செல்லும். பழைய படங்களோடு புதியவற்றை ஒப்பிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த மலை பொங்கியது, எந்தக் குழம்பு ஓடியது என்று கூறவியலும் என நம்புகின்றனர். ஏவுவதற்குக் குறித்துள்ள காலம் 2028 மார்ச். பூமியும் சுக்கிரனும் பயணத்துக்கு ஏற்றவாறு மறுபடி அமைய ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் ஆகும். அந்த மாதம் தவறினால் அதுவரை காத்திருக்க வேண்டும்.