எம்சி முடிந்த பிறகு

"உடம்பு இப்ப எப்படி இருக்கு?" புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவரிடம் எல்லாரும் கேட்பது இதைத்தான். வேலை எப்படிப் போகிறது என்று கேட்பவர் குறைவு. பிழைத்து வந்ததே பெரும் பாக்கியம், மாதம் பிறந்தால் சம்பளமும் வருகிறது, இதில் மனத்திருப்தி வேறு பார்க்க வேண்டுமா என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், திரும்பி வந்தவர் அங்கே ஊன்றி நிற்பாரா, ஆறு மாதத்தில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவாரா என்பதில் அந்தத் திருப்திக்கும் பங்கு உண்டு.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரை ஏறிய புதிய நோயாளிகள் 115,238 பேர். அடுத்த ஐந்தாண்டில் அது 168,822 ஆனது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். அவர்களில் பலர் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள். மலேசியா உட்பட எட்டு ஆசியான் நாடுகளில் 2012-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன்' ஆய்வு சுமார் 9,500 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். இன்னும் 48 விழுக்காட்டினர், குடும்ப ஆண்டு வருமானத்தில் முப்பது விழுக்காடோ அதற்கு மேலோ கைக்காசைச் சிகிச்சைக்குக் கொட்டியிருந்தார்கள். ஆகவே வேலைக்குத் திரும்புவது பலருக்கு ஆசைப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை. வேறு வழி இல்லை.

"சிகிச்சை முடிந்தது" என்று டாக்டர் சொன்னால், "ஆள் பழையபடி ஆகிவிட்டார்" என்று அலுவலகம் எடுத்துக்கொள்கிறது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. கிள்ளான், தெங்கு கிளானா சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். மார்பக அறுவையோடு அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருப்பார்கள். மேல்தட்டுப் பட்டுப்புடவையை எக்கி இழுக்கும்போது தோள் பாதி வழியில் நின்றுவிடும். கட்டுக் கட்டாகத் துணியைத் தூக்கிய நாளில் சாயங்காலம் கை கனத்து, வளையல் இறுக ஆரம்பிக்கும். சில கீமோ மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். தையற்காரருக்கு ஊசி கையில் இருப்பதே தெரியாது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால், குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் முள்ளாய்க் குத்தும். பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில் பூ கட்டுகிறவர் ஐஸ் பெட்டியிலிருந்து மல்லிகையை அள்ள வேண்டியவர்.

கண்ணுக்குத் தெரியாதது இதைவிட மோசம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாத அசதி சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்கு, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இருக்கும். கணக்கு எழுதுகிறவருக்கு ஒரே வரியை மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கும். வாயில் இருக்கும் பெயர் வெளியே வராது. அதற்குள் முடி வளர்ந்துவிடுகிறது, முகத்தில் களை வந்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அசதி சோம்பலாகத் தெரிகிறது.

திரும்பி வந்தவரை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். முதல் நாளே பழைய பாரம் முழுவதையும் தலையில் ஏற்றுவது ஒன்று. அதை எல்லாருக்கும் அடையாளம் தெரியும். இரண்டாவதை நம் ஆட்கள் அன்போடு செய்கிறோம்: "அக்கா, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்." ஒரு வாரம் கேட்க இதமாக இருக்கும். இரண்டாம் மாதத்தில், வாடிக்கையாளரை வேறொருவர் கவனிக்கிறார், கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. யாரிடம் சண்டை போடுவது? எல்லாரும் நல்லவர்கள். மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட மலாய், சீன, இந்தியப் பெண்களோடு பேசி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குத் திரும்பத் தடையாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று குடும்பத்தாரின் அளவு கடந்த பாதுகாப்பு. துணை நின்றவற்றில் ஒன்று முதலாளியின் ஆதரவு. வீட்டில் "வேலைக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறே, சும்மா இரு" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வேலைத்தல நலத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் ஃபியூயர்ஸ்டீனுக்கு 2002-இல் மூளையிலேயே புற்றுநோய் வந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் 2010-இல் முன்வைத்த விளக்கம் நோயோடு நிற்கவில்லை. வேலை எவ்வளவு கேட்கிறது, சுற்றி இருப்பவர்கள் எப்படி, நிறுவனத்தின் விதி என்ன என்பவற்றையும் சேர்த்தே பார்த்தது. என் கணிப்பில் இவற்றில் கனமானது நேரடி மேலாளர். தலைமையகத்தின் கொள்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், புதன்கிழமை பிற்பகல் கிளினிக் இருக்கிறது என்று சொல்லும்போது முகம் சுளிப்பவரோ தலையாட்டுபவரோ அவர்தான்.

சட்டம் விடுப்புக்குக் கை கொடுக்கிறது. திரும்பி வருவதற்கு அவ்வளவாக இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால் காசநோய், தொழுநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கென்றே இருக்கும் தனி விடுப்பு அவருக்குக் கிடைக்கும். அது இரண்டாண்டு வரை நீளும். தொடக்கத்தில் முழுச் சம்பளம், பிறகு குறையும். அதே தெருவில் குடியிருக்கும் தனியார் கம்பெனி கிராணிக்கு 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் எம்சி, அதாவது மருத்துவச் சான்றோடு எடுக்கும் விடுப்பு. அதோடு 60 நாள் மருத்துவமனை விடுப்பு. 2023 ஜனவரி 1 முதல் இவ்விரண்டும் தனித்தனிக் கணக்கு. பலருக்குத் தெரியாத ஒரு வரியும் அந்தச் சட்டத்தில் உண்டு: மருத்துவமனையில் சேர வேண்டிய அளவுக்கு நோய் இருப்பதாக டாக்டர் சான்று தந்தால், வார்டில் படுக்காமல் வீட்டிலேயே இருந்தாலும் அது மருத்துவமனை விடுப்பாகக் கொள்ளப்படும். காலையில் கீமோ ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறவர் எம்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது உதவக்கூடியது அதே சட்டத்தின் 60P பிரிவு. வேலை நேரத்தையோ நாட்களையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டது பதிவாகிறது. கேட்கும்போது "லைட் டியூட்டி" என்ற இரண்டு சொல்லோடு டாக்டரின் கடிதத்தை நீட்டினால் மேலாளர் தன் இஷ்டத்துக்குப் பொருள் கொள்வார். இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, முதல் மாதம் அரை நாள், கையை நெடுநேரம் உயர்த்தி எழுதும் வேலை வேண்டாம் என்று விவரமாக எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்குக் கடைசி வரி எவ்வளவு முக்கியம் என்று தலைமையாசிரியருக்குச் சொல்லாமல் தெரியாது.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014 முதல், மார்பகப் புற்றுநோயாளி நடுவில் சிகிச்சையை விட்டுவிடாதபடி கூடவே நின்று வழிகாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பும் கட்டத்தில் அதற்கு நெருங்கி வருவது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, அதாவது நம் வாயில் சொக்சோ, 2007-இல் தொடங்கிய பணிக்குத் திரும்பும் திட்டம். அதில் ஒருவருக்கென்று நியமிக்கப்படும் அதிகாரி டாக்டரோடும் முதலாளியோடும் பேசுவார். இயன்முறைப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்வார். சொக்சோ என்றால் செயலிழப்புப் பென்ஷன் மட்டும் என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்தப் பென்ஷனுக்கோ, நோயில்லாத ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை இருக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்கு நல்லது" என்று எச்ஆர் அன்பாகச் சொன்னால், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டத்தின் இழப்பீடு இல்லை. நியாயமின்றி நீக்கினார்கள் என்று 1967 தொழிலுறவுச் சட்டப்படி முறையிடுவதும் கடினமாகிவிடும். அந்த முறையீட்டுக்கு வேலை நீங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் கெடு.

இன்னொரு முடிச்சு மெடிக்கல் கார்டு. நோய் வந்தவருக்குச் சொந்தமாகக் காப்புறுதி எடுப்பது ஏறக்குறைய நடக்காது. கம்பெனி கார்டு இருக்கிறது என்பதற்காகவே பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அரசு மருத்துவமனை நிபுணரைப் பார்க்கக் கட்டணம் ஐந்து வெள்ளி என்பதால் அமெரிக்காவில் இருக்கும் அளவுக்கு இந்தப் பூட்டு இங்கே இறுகவில்லை. ஆனால் காத்திருப்பு நீளம். கார்டைக் கணக்கில் கொண்டு இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதற்காக இருக்கிறோம் என்று தெரிந்து இருந்தால் எரிச்சலாவது குறையும். வேறு சிலர் நோய்க்குப் பிறகு சம்பளம் குறைவான, மனதுக்குப் பிடித்த வேலைக்கு மாறுகிறார்கள். சுற்றத்தார் அதைச் சறுக்கல் என்று பேசுவார்கள்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவரின் நிலை தலைகீழ். பூக்கடைக்காரர் பத்து மணிக்குக் கடை திறக்கலாம், அண்ணியை உட்காரவைத்துவிட்டுப் படுக்கலாம். அலுவலகத்தில் இருப்பவர் எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய சுதந்திரம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடை மூடிய நாளுக்குக் காசு மட்டும் இல்லை. 2017-இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் நேரும் விபத்தையும் அந்த வேலையால் வரும் நோயையும் பார்க்கும். சாதாரணமாக வரும் புற்றுநோய் அதில் சேராது. பெண்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் பதிய வேண்டும், செயலிழப்புக்கும் அதில் இடம் உண்டு. பக்கத்துக் கடையில் மாலை கட்டும் ஆணுக்குச் சொக்சோவில் அதுவும் இல்லை.