எல்லாப் பிள்ளைகளுக்குமான விளையாட்டுப் பீரியட்

தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி என்பது ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பை ஆளப் பழக்கும் பாடம். ஓடுதல், ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்றல், தாவுதல், நொண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்றல் ஆகியவையே அதன் அரிச்சுவடி. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. ஆனால் எறியவும் பிடிக்கவும் பழகாத பிள்ளையைக் கிரிக்கெட் ஆட்டத்தில் நிறுத்துவது பல பள்ளிகளில் நடக்கிறது. அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளை இரண்டு முறை பந்தைக் கோட்டைவிட்டால், மூன்றாம் முறை சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வட்டாரத்தைப் பார்ப்போம். ஆந்திரத்தில் ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் உள்ள ஏர்பேடு, 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. திருப்பதி ஐஐடியும் ஐசர் நிறுவனமும் நிரந்தர வளாகம் கட்டியிருப்பது இந்த மண்டலத்தில்தான். உயர்கல்வியின் பெரிய பெயர்கள் இங்கே வந்துவிட்டாலும், சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் கல்வியைத் தொடங்குவது ஆந்திர கிராமங்களில் எங்கும் காணும் சிறிய தொடக்கப் பள்ளிகளில்தான். அப்படிப்பட்ட பள்ளியில் ஓரிரு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் சேர்த்துக் கவனிப்பது சாதாரணம். எஸ்.ஜி.டி. எனப்படும் அந்த இடைநிலை ஆசிரியரே தெலுங்கு, கணக்கு, ஆங்கிலம் எல்லாம் நடத்துகிறார். பி.இ.டி. என்ற உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிக்கே போகின்றன.

சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் வகுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டுமே, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கேட்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவர் கிடையாது. எறியும் பிடிக்கும் திறன்கள் அடித்தளம் பெறும் வயதில் அதற்கான ஆள் இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. அது சரியாகும் வரை வகுப்பாசிரியரே இந்தப் பாடத்தையும் நடத்தியாக வேண்டும். நடத்தவும் முடியும்.

பழைய தலைமுறை இந்தப் பாடத்தை ‘டிரில்’ என்றே அறிந்திருந்தது. வரிசையில் நின்று, விசிலுக்குக் கையைத் தூக்கி இறக்கும் பட்டாளத்துப் பாணி அது. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்ததால், இந்த வட்டாரத்தின் உடற்கல்வி வரலாறும் சென்னையோடு பிணைந்ததே. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் அவரே. நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரி, விளையாட்டு ஆசிரியர் என்ற தொழிலுக்குத் தென்னிந்தியாவில் ஒரு முகவரி தந்தது. ஆனால் அங்கே பயின்றவர்களுக்கு வேலை இருந்தது பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளில். தொடக்கப் பள்ளிக்கு டிரில் மட்டும் மிஞ்சியது.

கற்பித்தல் என்றால் என்ன என்பதைப் பந்து பிடிப்பதிலேயே பார்க்கலாம். முதல் வகுப்புப் பிள்ளையை நோக்கிப் பந்தைப் போட்டால், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடும்; இரண்டு கையையும் நீட்டிப் பந்தை நெஞ்சோடு அணைக்கப் பார்க்கும். பயம்தான் காரணம். ஆகவே முதலில் பந்து வேண்டாம். முடிச்சுப் போட்ட ஒரு துண்டு போதும். மெதுவாக இறங்கும், பட்டாலும் வலிக்காது. அதைத் தானே மேலே போட்டுத் தானே பிடிக்கட்டும். அடுத்து ரப்பர் பந்து, தரையில் ஒரு முறை குதித்து எழும்போது பிடிப்பது. பிறகுதான் எதிரே ஒரு ஜோடி, இரண்டு எட்டுத் தூரத்தில். “பந்தையே பார், கையை மடக்கி உள்ளே வாங்கு” என்ற இரண்டு குறிப்புகளுக்கு மேல் ஆசிரியர் பேசத் தேவையில்லை. எறிவதிலும் இப்படித்தான். பழகாத பிள்ளை வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னே வைக்கும். உடம்பு திரும்பாது, பந்தும் போகாது. பக்கவாட்டில் நிற்க வைத்து, இடது காலை எடுத்து வைத்து எறியச் சொன்னால் தூரம் கூடுவதை அந்தப் பிள்ளையே பார்க்கும். இதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் தவறு. வீட்டில் பந்தும் அண்ணனும் இருக்கிற பிள்ளைக்கு வரலாம். மற்றவர்களுக்குப் பள்ளிதான் கொடுக்க வேண்டும்.

ஐந்து வகுப்பும் ஒரே மைதானத்தில் இருப்பதைத் தொல்லையாக நினைக்க வேண்டியதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள், பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, அவரவர் வேகத்தில் படிக்க அட்டைகளைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தன. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரியும் அதுவே. மைதானத்திலும் அதைச் செய்யலாம். நான்கு மூலையில் நான்கு வேலை: ஒரு மூலையில் எறிதல், ஒன்றில் கோட்டின் மேல் நடத்தல், ஒன்றில் கயிறு தாண்டுதல், ஒன்றில் நொண்டி. ஐந்தாம் வகுப்பு அக்கா இரண்டாம் வகுப்புத் தங்கைக்குக் கயிறு சுற்றட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறினால், வரிசையில் காத்திருந்தே பீரியட் முடிந்துபோவது நின்றுவிடும்.

ஆட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. தமிழக எல்லையோர ஊர்களின் பிள்ளைகளுக்கு அவை தமிழ், தெலுங்கு இரண்டு மொழியிலும் தெரியும்: சடுகுடு தெலுங்கில் செடுகுடு, பாண்டி தொக்குடு பில்ல. பாண்டியில் நொண்டுதலும் சமநிலையும் இருக்கின்றன. ஏழு ஓடுகளை அடுக்கி ஆடும் ஏடு பெங்குலாட்டவில் எறிதலும் ஓட்டமும் இருக்கின்றன. ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். ‘அவுட்’ ஆனவர் வெளியே உட்காரும் விதி, பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளையையே முதலில் வெளியே அனுப்புகிறது. அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டுத் திரும்ப உள்ளே வரட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் மெல்ல ஒதுங்கத் தொடங்குவதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். அணியை ஆசிரியரே கலந்து பிரித்தால், கடைசிவரை யாரும் தேர்ந்தெடுக்காத பிள்ளை என்று ஒருவர் நிற்க மாட்டார். கால் ஊனமுற்ற பிள்ளைக்கு விசிலைக் கொடுத்து உட்காரவைப்பது இரக்கம்போலத் தெரியும். உட்கார்ந்தபடி எறிந்து பிடிக்கும் ஆட்டத்தை எல்லோருக்கும் வைப்பதுதான் நியாயம்.

வெயிலை மறந்து இந்தப் பக்கத்தில் எதையும் திட்டமிட முடியாது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வட்டாரம் இது. மார்ச் நடுவிலிருந்து பள்ளியே அரை நாள்தான். பிற்பகல் கடைசிப் பீரியடில் உடற்கல்வியைப் போடும் வழக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். காலை முதல் மணி நேரமே சரியான நேரம்; மதிய உணவுக்குப் பின் உடனே கூடவே கூடாது. தொடங்குமுன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். குடிநீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 கற்பிக்கும் மணி நேரமும். அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். அதில் அரை மணி கேட்பது எட்டில் ஒரு பங்குதான். மதிப்பிடவும் கருவி இருக்கிறது. மத்திய அரசின் உடற்தகுதிச் சோதனை, முதல் மூன்று வகுப்புகளுக்கு உயரம், எடையோடு ஒற்றைக் காலில் நிற்பதையும் இரண்டு வட்டுகளை மாறி மாறித் தொடும் வேகத்தையும் மட்டுமே பார்க்கிறது. பந்தயம் வைத்து முதல் மூன்று பேரைப் பொறுக்குவதைவிட, போன மாதம் எட்டு நொடி நின்ற பிள்ளை இந்த மாதம் இருபது நொடி நிற்கிறதா என்று குறித்துவைப்பது இந்த வயதுக்கு ஏற்றது.

பொருள்களுக்கு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு. அதை ஒரே கேரம் பலகையிலும் ஒரு கிரிக்கெட் மட்டையிலும் முடித்துவிடாமல், ஆளுக்கொன்றாகச் சிறிய ரப்பர் பந்துகளும் தாண்டும் கயிறுகளும் சுண்ணாம்புப் பொடியும் வாங்கினால் எல்லாக் கையிலும் ஏதாவது இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்கட்டும்: விளையாட்டு மானியத்தில் என்ன வாங்கினீர்கள், இந்த வாரம் எத்தனை பிள்ளைகள் பந்தைக் கையில் எடுத்தார்கள்?