மறதிநோய் நினைவாற்றல் சோதனைகள்

மறதிநோய் நினைவாற்றல் சோதனைகள் என்பவை, மறதிநோய் (டிமென்சியா) உள்ளவர்களை அடையாளம் காண்பதற்காக மருத்துவர்களும் உளவியலாளர்களும் பயன்படுத்தும் வினாத் தொகுப்புகள் ஆகும். சில சொற்களை நினைவில் வைத்துச் சற்று நேரம் கழித்துக் கூறுதல், இன்றைய நாளையும் இருக்கும் இடத்தையும் சொல்லுதல், கடிகாரம் வரைதல், கழித்தல் கணக்குச் செய்தல் போன்றவை இவற்றில் இடம்பெறும். விடைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படும். கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வெட்டுப்புள்ளிக்குக் கீழே இருந்தால் அவர் மேலும் ஆராயப்படுவார். இச்சோதனைகள் தம்மளவில் நோயை உறுதி செய்வதில்லை.

புள்ளிகள் குறைவதற்கு நோய் மட்டுமே காரணம் அன்று. பள்ளிக்குச் செல்லாமை, காது கேளாமை, மனச்சோர்வு, வேற்று மொழியில் கேட்கப்படும் கேள்வி ஆகியவையும் புள்ளிகளைக் குறைக்கும். நோயினால் வரும் மறதியை இக்காரணங்களிலிருந்து பிரித்தறிவதே இச்சோதனைகளை மேம்படுத்தும் முயற்சிகளின் மைய நோக்கம் ஆகும்.

எந்த மறதி நோயின் அறிகுறி?

ஒரு செய்தி நினைவாக மாறுவதில் மூன்று படிகள் உள்ளன. அவை பதித்தல், சேமித்தல், மீட்டெடுத்தல் என்பன. முதுமையில் இயல்பாக மந்தமடைவது பெரும்பாலும் மீட்டெடுத்தல் ஆகும். தெரிந்தவரின் பெயர் உடனே நாவில் வராது. முதலெழுத்தைச் சொன்னால் வந்துவிடும். அதாவது, செய்தி மூளையில் இருக்கிறது, எடுப்பதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

மறதிநோய்க்கு மிகப் பொதுவான காரணமான ஆல்சைமர் நோயில் நிலைமை வேறு. புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதியும் அதனை ஒட்டிய பகுதிகளும் இந்நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகின்றன. ஆகவே புதிய செய்தி சேமிக்கப்படுவதே இல்லை. துப்புக் கொடுத்தாலும் பயன் இராது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தை விவரமாகச் சொல்பவர், காலையில் உண்டதை மறந்துவிடுவது இதனால்தான். பழைய நிகழ்வுகளைக் கேட்காமல், புதிய சொற்களைக் கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்துக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

தொடக்ககாலச் சோதனைகள்

1968 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெசெட், டாம்லின்சன், ராத் ஆகியோர், முதியோர் உயிருடன் இருந்தபோது பெற்ற புள்ளிகளை அவர்கள் இறந்தபின் மூளையில் காணப்பட்ட படிவுகளின் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டனர். புள்ளிகள் மோசமாக இருந்தவர்களின் மூளையில் படிவுகள் மிகுதியாக இருந்தன. எளிய கேள்விகளால் மூளையின் நோயை ஓரளவு அளக்க முடியும் என்பதற்கு இது முக்கியச் சான்றாக அமைந்தது.

1972 இல் ஹாட்கின்சன் பத்துக் கேள்விகள் கொண்ட சுருக்கச் சோதனையை வெளியிட்டார். முதல் உலகப் போர் நடந்த ஆண்டு, நாட்டை ஆளும் மன்னர் அல்லது அரசியின் பெயர் ஆகியவை அக்கேள்விகளுள் அடங்கும். பிரித்தானிய முதியவருக்கு இவை எளியவை; பிற நாட்டினருக்கு இவை நினைவாற்றலை அன்றி வரலாற்று அறிவைச் சோதிப்பவை.

மிகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட சோதனை, 1975 இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹியூ ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட சிறு மனநிலைச் சோதனை ஆகும். இதன் 30 புள்ளிகள் பின்வருமாறு பகுக்கப்பட்டுள்ளன.

- காலமும் இடமும் அறிதல்: 10
- மூன்று சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல்: 3
- கவனமும் கணக்கும்: 5
- அந்த மூன்று சொற்களையும் பின்னர் நினைவுகூர்தல்: 3
- மொழியும் வரைதலும்: 9

பொதுவாக 23 அல்லது அதற்குக் குறைந்த புள்ளிகள் பெற்றவர் மேலும் ஆராயப்பட வேண்டியவராகக் கருதப்பட்டார்.

குறைகள்

மேற்கண்ட பகுப்பிலேயே ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. சற்று நேரம் கழித்து நினைவுகூர்தலுக்கு 30 இல் 3 புள்ளிகளே உள்ளன. நோயின் தொடக்க நிலையில் உள்ள ஒருவர் மூன்று சொற்களையும் மறந்து, மற்ற அனைத்திலும் சரியாக விடையளித்தால் 27 புள்ளிகள் பெறுவார். அவருக்கு நோய் இல்லை என்றே சோதனை கூறும். நன்கு படித்தவர்களிடம் நோய் தவறவிடப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. 1993 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, இச்சோதனையின் புள்ளிகளைப் பொதுமக்களின் கல்வியோடு ஒப்பிட்டது. ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்களின் இடைநிலைப் புள்ளி 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் படித்தவர்களுக்கு அது 26. நான்கு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. அதாவது, 23 என்ற வெட்டுப்புள்ளியை அப்படியே பயன்படுத்தினால், குறைவாகப் படித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் படிக்காத ஒரே காரணத்தால் ஐயத்துக்கு உள்ளாவர்.

மூன்றாவது குறை மொழிபெயர்ப்பில் எழுகிறது. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வது உண்டு. அதற்கு ஈடாகத் தமிழில் "உலகம்" என்ற சொல்லைக் கொடுத்தால் நான்கு எழுத்துகளே உள்ளன. புள்ளிக் கணக்கு மாறிவிடும். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும்போது, "க" என்று கேட்டால் "கா", "கி" வரிசைச் சொற்களை ஏற்பதா இல்லையா என்ற கேள்வி எழும். இன்று என்ன மாதம் என்று கேட்டால் "ஆடி" என்று ஒரு மூதாட்டி சொல்லக்கூடும். விடைத்தாளில் "ஜூலை" என்று மட்டும் இருந்தால், சரியான விடை தவறாகிவிடும்.

மேம்படுத்தும் வழிகள்

துப்புடன் நினைவூட்டல்

1987 இல் குரோபர், புஷ்கே ஆகியோர் விவரித்த முறை, மேலே கூறிய மூன்று படிகளையும் பிரித்து அளக்க முயல்கிறது. சோதிக்கப்படுபவருக்கு 16 பொருள்கள், ஒரு முறைக்கு நான்காகக் காட்டப்படும். "இதில் பழம் எது?" என்று கேட்க, அவர் "திராட்சை" எனச் சுட்டிக் கூறுவார். இதனால் அவர் கவனித்துப் பதித்துக்கொண்டார் என்பது உறுதியாகிறது. பின்னர் தாமாக நினைவுகூரச் சொல்லி, விடுபட்டவற்றுக்கு மட்டும் "பழம் ஒன்று இருந்ததே?" என்று துப்புத் தரப்படும். துப்பினால் சொல் வந்துவிட்டால், கோளாறு மீட்டெடுத்தலில் உள்ளது. முதுமையும் மனச்சோர்வும் இதற்குக் காரணமாக இருக்கலாம். துப்புத் தந்தும் வராவிட்டால் சேமிப்பே பழுதுபட்டிருக்கலாம். இது ஆல்சைமர் நோயின் இயல்புக்குப் பொருந்துகிறது.

கடினத்தைக் கூட்டுதல்

2005 இல் கனடாவின் நஸ்ரெதீனும் குழுவினரும் வெளியிட்ட மொன்றியால் அறிதிறன் மதிப்பீட்டில் மூன்று சொற்களுக்குப் பதில் ஐந்து சொற்கள் கேட்கப்படுகின்றன. கடிகாரம் வரைதல் போன்ற, திட்டமிடும் திறனைச் சோதிக்கும் பணிகளும் சேர்க்கப்பட்டன. மறதிநோய்க்கு முந்தைய நிலையான மிதமான அறிதிறன் குறைபாட்டை, அவர்களது ஆய்வில், பழைய சிறு மனநிலைச் சோதனை 18 விழுக்காட்டினரிடமும் புதிய சோதனை 90 விழுக்காட்டினரிடமும் கண்டறிந்தது. 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதலாக வழங்கப்பட்டது. எனினும் எழுதவே தெரியாதவருக்கு ஒரு புள்ளி போதுமான ஈடாகாது.

எழுத்தறியாதோருக்கான சோதனைகள்

1995 இல் வெளியான இந்தி மொழிச் சோதனை, அரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் வாழ்ந்த, பெரும்பாலும் எழுத்தறியாத முதியோருக்காக உருவாக்கப்பட்டது. இதை உருவாக்கியவர்கள் சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் பணிகளையே மாற்றினர். தாளில் எழுதியதைப் படித்துக் கண்களை மூடுவதற்குப் பதிலாக, சோதிப்பவர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்தால் போதும். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, தம் வீட்டைப் பற்றி வாய்மொழியாக ஏதேனும் சொன்னால் போதும்.

உறவினரைக் கேட்டல்

ஒருவர் முன்பு எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிடுவது, பிறரோடு ஒப்பிடுவதை விடப் பொருத்தமானது. ஆஸ்திரேலியாவில் 1989 இல் வெளியான வினாப்பட்டியல் ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டு மாற்றத்தைக் கூறுமாறு உடனிருப்பவரைக் கேட்கிறது. படிப்பு எதுவாயினும், கடைக்குச் சென்று சரியாகச் சில்லறை வாங்கி வந்தவர் இப்போது தடுமாறினால், அது மாற்றமே.

இவ்வழிகளை இணைத்தது 10/66 மறதிநோய் ஆய்வுக் குழு. மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வுகள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே இப்பெயரின் பொருள். சொற்பட்டியல் சோதனை, உறவினர் நேர்காணல், மனநிலை நேர்காணல் ஆகியவற்றை ஒன்றாகக் கணித்த இம்முறை, 25 மையங்களில் 2,885 முதியோரிடம் சோதிக்கப்பட்டு 2003 இல் வெளியானது. நோய் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினரை அது கண்டறிந்தது. நோயில்லாத, குறைவாகப் படித்தவர்களில் 6 விழுக்காட்டினரையே தவறாக நோயாளி எனக் கூறியது. இக்குழுவின் பிந்தைய மக்கள்தொகை ஆய்வுகள் சென்னையிலும் வேலூரிலும் நடைபெற்றன.

சொற்களைத் தவிர்த்தல்

நிறமூட்டிய வடிவங்களைக் காட்டி, எந்த வடிவம் எந்த நிறத்தில் இருந்தது என்பதைச் சற்றுப் பின்னர் கேட்பது மற்றொரு முறை. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில், இளவயதிலேயே ஆல்சைமர் நோயை உண்டாக்கும் மரபணுத் திரிபு சில குடும்பங்களில் பரம்பரையாக உள்ளது. அத்திரிபு கொண்டவர்கள், வேறு அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்பே, நிறத்தையும் வடிவத்தையும் இணைத்து நினைவுகொள்வதில் பின்தங்கியது 2010 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

புள்ளிகளைப் புரிந்துகொள்ளுதல்

நல்ல சோதனையும் தவறாகப் பயன்படுத்தப்படலாம். கற்பனையாக ஓர் ஊரில் 1,000 முதியோர் உள்ளனர் என்றும், அவர்களுள் 50 பேருக்கு மறதிநோய் உள்ளது என்றும் கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும், நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாகக் கூறும் சோதனை ஒன்றை அனைவருக்கும் நடத்தினால் முடிவு பின்வருமாறு அமையும்.

- நோய் உள்ள 50 பேரில் 45 பேர் கண்டறியப்படுவர். 5 பேர் தவறவிடப்படுவர்.
- நோய் இல்லாத 950 பேரில் 95 பேர் தவறாக நோயாளி எனக் கூறப்படுவர்.

ஆகவே ஐயத்துக்கு உள்ளாகும் 140 பேரில் 45 பேருக்கே, அதாவது மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கே, உண்மையில் நோய் இருக்கும். ஒரு முறை குறைந்த புள்ளி பெற்றதை வைத்து ஒருவரிடமிருந்து வங்கிக் கணக்கையோ வீட்டுப் பொறுப்பையோ பறிப்பது தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. குறைந்த புள்ளி பெற்றவரிடம் செவித்திறன், பார்வை, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள், தைராய்டு சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். இவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை.

இரத்தச் சோதனைகளும் நினைவாற்றல் சோதனைகளும்

ஆல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் கண்டறிய உதவும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு, 2025 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி அளித்தது. அது, அறிகுறிகள் தோன்றிய 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அப்புரதத்தை அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்து 2023 இலும் டொனனெமாப் என்ற மருந்து 2024 இலும் அங்கு முழு அனுமதி பெற்றன. இவை நோயின் தொடக்க நிலைக்கு உரியவை. ஆகையால் நோயை முன்கூட்டி அறிவதன் தேவை மிகுந்துள்ளது.

ஆயினும் இரத்தச் சோதனை, மூளையில் புரதம் படிந்துள்ளதா என்பதையே கூறும். ஒருவரால் மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ள முடியுமா, தனியாக வெளியே சென்று வீடு திரும்ப முடியுமா என்பதை அது கூறாது. அமிலாய்டு படிந்திருந்தும் நினைவு தெளிவாக உள்ள முதியோரும் உண்டு. எனவே, அறிகுறி உள்ளவரை முதலில் இனங்காணவும், நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதித்துள்ளது என அறியவும், அவரது மொழிக்கும் கல்விக்கும் ஏற்ற நினைவாற்றல் சோதனை தொடர்ந்து தேவைப்படுகிறது.